மலையில் ஓடும் டர்போ ஜீப்புக்கு எந்த டயர்? எச்.டி., ஏ.டி., எம்.டி. ஓர் ஒப்பீடு

நீலகிரியில் ஜீப் வைத்திருப்பவர் டயர் மாற்றப் போனால் கடைக்காரர் மூன்று ரகத்தை எடுத்துக் காட்டுவார். சாலைக்கென்றே செய்த எச்.டி. ஒன்று. சாலையிலும் மண்ணிலும் ஓடுகிற ஏ.டி. இன்னொன்று. சேற்றுக்கென்றே பெரிய பெரிய பட்டன்களோடு, அதாவது மேலே புடைத்து நிற்கும் ரப்பர் கட்டிகளோடு, வருகிற எம்.டி. மூன்றாவது. கூடவே "ஒரு சைஸ் பெரிசாப் போட்டுக்கலாமே" என்ற யோசனையும் வரும். வண்டியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டுகிற அந்த யோசனைக்கு மயங்காதவர் குறைவு. மலைக்காரர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கே நான் கணக்குக்கு எடுத்துக்கொள்வது 2010 முதல் 2020 வரை விற்பனையில் இருந்த பழைய மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ. ஜீப். கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் பக்கம் பச்சைத் தேயிலை மூட்டை ஏற்றவும், கேரட் தோட்டத்துக்கு உரம் கொண்டுபோகவும், வாரச்சந்தைக்கு ஆட்களை ஏற்றி இறக்கவும் இன்னும் நிறைய ஓடுகிறது. 2.5 லிட்டர் டர்போ டீசல், 105 குதிரைத்திறன், 247 நியூட்டன் மீட்டர் இழுவிசை. கம்பெனி டயர் அளவு 235/70 ஆர்16. பொலேரோ, கூர்க்கா வைத்திருப்பவர்கள் அளவுகளை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், கணக்கு ஒன்றுதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே ஓடுகிற பெரும்பாலான டர்போ ஜீப்புகளுக்கு, கம்பெனி கொடுத்த அதே அளவில், ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தும் ஒரே மாதிரியான ஏ.டி. டயர்தான் சரி. எம்.டி. யாருக்குத் தேவை, எச்.டி. யாருக்குப் போதும் என்பதையும் சொல்கிறேன். ஆனால் ரகத்துக்கு முன்னால் அளவைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

பெரிய டயரும் டர்போவும்

235/70 ஆர்16 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 735 மில்லிமீட்டர். பலரும் ஆசைப்பட்டுப் போடுகிற 245/75 ஆர்16 டயரின் விட்டம் 774. வித்தியாசம் 5 சதவீதத்துக்குச் சற்று மேல். கேட்க அற்பமாக இருக்கும். சமவெளியில் உண்மையிலேயே அற்பம்தான். ஸ்பீடோமீட்டர் 40 காட்டும்போது வண்டி 42-ல் போகும், அவ்வளவுதான்.

மலையில் அந்த 5 சதவீதம் போய் உட்காருவது இன்ஜினில். இந்த இன்ஜின் தன் முழு இழுவிசையைக் கொடுப்பது நிமிடத்துக்கு 1,800-லிருந்து 2,000 சுற்று (ஆர்.பி.எம்.) வரைக்கும்தான். அதற்குக் கீழே, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ இன்னும் சுழன்று எழுந்திருக்காது. கொண்டை ஊசி வளைவுக்குள் இரண்டாவது கியரில் நுழைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி டயரில் இன்ஜின் 1,600-ல் நிற்கிற அதே வேகத்தில், பெரிய டயரில் 1,520-க்கு இறங்கிவிடும். டர்போ எழுந்திருக்க இருக்கும் நெருக்கடியான இடைவெளியே அதுதான், அதில் 80 சுற்றைப் பறிகொடுத்துவிடுகிறோம்.

இதோடு உயரத்தையும் சேர்க்க வேண்டும். ஊட்டி இருப்பது சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. டர்போ வண்டிக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. டர்போ முழுதாகச் சுழலும்போது அது பெருமளவு உண்மை, மெல்லிய காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளிவிடும். ஆனால் டர்போ எழுவதற்கு முன் அந்த இன்ஜின் டர்போ இல்லாத சாதாரண இன்ஜின்தான். மெல்லிய காற்றை அது தானாகவே உறிஞ்சியாக வேண்டும். ஆக மேட்டுப்பாளையத்தில் 1,500 ஆர்.பி.எம்.-மில் ஓரளவு இழுத்த வண்டி, ஊட்டியை அடுத்த லவ்டேலில் அதே 1,500-ல் திணறும். பெரிய டயர் வண்டியை இந்தத் திணறலுக்குள் அடிக்கடி தள்ளும். ஓட்டுபவர் என்ன செய்வார்? கிளட்சைப் பாதி மிதித்து ஏற்றுவார், அல்லது முதல் கியருக்கு இறங்குவார். மூட்டை ஏற்றிய வண்டியில் இதைத் தினமும் செய்தால் கிளட்ச் பிளேட் எவ்வளவு காலம் தாங்கும் என்பதை இங்குள்ள எந்த மெக்கானிக்கும் சொல்வார்.

இன்னொரு விளைவு பலர் கண்ணில் படுவதில்லை. இழுவை போதாமல் ஆக்சிலேட்டரைக் கூடுதலாக மிதித்துக் காத்திருக்கிறோம். வளைவின் பாதியில் டர்போ திடீரென்று எழுந்து முழு இழுவையையும் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. அந்த நேரத்தில் வளைவின் உட்பக்கப் பின்சக்கரத்தின் மேல் பாரம் மிகக் குறைவு. சாலை ஈரமாக இருந்தால் அது வெறுமனே சுற்றும், வண்டியின் பின்புறம் ஓரத்துக்கு நகரும். 2015-க்குப் பின் வந்த வண்டிகளில், இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பின் டிஃபரன்ஷியல் தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி உண்டு. இரண்டு பின்சக்கரங்களின் வேகத்திலும் பெரிய வித்தியாசம் வந்தால் அது பூட்டும். சேற்றில் அது பெரிய வரம். ஈரச் சாலையின் வளைவில் அது திடீரென்று பூட்டுவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

இறக்கம்

ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். டயரை முடிவு செய்ய வேண்டியது இறக்கத்தில்தான்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் கோவைக்கு இறங்குவதில் 43. இந்தப் பாதைகளில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கக் கூடாது, கீழ் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்பது மலையில் வண்டி பழகும் ஒவ்வொருவரும் முதலில் கற்கும் பாடம். பெரிய டயர் இந்தப் பிடிப்பைக் குறைக்கிறது. விட்டம் 5 சதவீதம் கூடினால் இன்ஜினின் பிடிப்பு அந்த அளவுக்குச் சற்று மேலேயே குறையும், ஏனென்றால் அதே வேகத்துக்கு இன்ஜினின் சுற்றும் குறைகிறது. பிரேக்குக்கும் இதே கதிதான். டிரம்மும் டிஸ்க்கும் மாறவில்லை, சக்கரம் மட்டும் பெரிதாகியிருக்கிறது, ஆகவே சாலையில் விழும் பிடி குறைகிறது. கல்லட்டியின் பாதியில் பிரேக் சூடாகி வாசனை வரத் தொடங்கும் ஒரு வண்டிக்கு 5 சதவீதம் பெரிய விஷயம்.

பெரிய அளவை நான் ஒரேயடியாக ஒதுக்குவதற்குக் காரணம் இவைதான். சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து நிற்கும்போது இதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஈரச் சாலை

சரி, அளவு முடிந்தது. இனி ரகம்.

எஸ்டேட் ஜீப் என்று சொன்னாலும் அதன் கிலோமீட்டரில் பெரும்பகுதி தார்ச்சாலையில்தான் போகிறது. தோட்டத்துக்குள் ஓடுவது ஒரு நாளைக்குச் சில கிலோமீட்டர். மீதி எல்லாம் ஃபாக்டரிக்கு, கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, மாதத்தில் சில தடவை மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ. அந்தத் தார்ச்சாலையும் சமவெளியின் சாலை மாதிரி கிடையாது. மரநிழலில் வெயிலே படாத வளைவுகளில் பாசி படிந்திருக்கும். சில்வர் ஓக் சருகு நனைந்து ஒட்டிக் கிடக்கும். பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி என்ன இருக்கிறது என்று தெரியாது. இரவில் கோத்தகிரி, குன்னூர் சாலைகளில் காட்டெருமை நடுரோட்டில் நிற்பது சாதாரணம். அப்போது காப்பாற்றுவது ஈரத் தாரில் டயர் எவ்வளவு பிடிக்கிறது என்பது மட்டும்தான். பழைய மாடல்களில் பலவற்றுக்கு, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ். கிடையாது. சக்கரம் பூட்டினால் பூட்டியதுதான், வண்டி நேராக வழுக்கிக்கொண்டு போகும்.

இந்த இடத்தில் எம்.டி. தோற்றுவிடுகிறது. அதன் பட்டன்களுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளி. சேற்றை உதறித் தள்ள அந்த இடைவெளி வேண்டும். ஆனால் தாரில் அந்த இடைவெளியெல்லாம் ரப்பர் படாத இடம். மேலும் எச்.டி., ஏ.டி. பட்டன்களில் கத்தியால் கீறியது மாதிரி மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். சாலையின் மெல்லிய நீர்ப்படலத்தை உடைத்துப் பிடி கொடுப்பவை அவைதான். எம்.டி. டயரில் அந்த வெட்டுகள் மிகக் குறைவு. பட்டன் உயரமாக இருப்பதால் வளைவில் அது மடங்கி ஆடும், ஸ்டியரிங் மந்தமாகத் தெரியும். டயரின் எடையும் கூடுதல், சத்தமும் கூடுதல். சத்தத்தைப் பழகிக்கொள்ளலாம். மழையில் நிற்க மறுக்கும் வண்டியைப் பழகிக்கொள்ள முடியாது.

சேறு என்று வந்தால்

எம்.டி.க்கு நியாயம் செய்ய வேண்டும் என்றால் தேவாலா, பந்தலூர், கூடலூர்ப் பக்கம் போக வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அங்கே விடாமல் கொட்டும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, அந்த மேற்குச் சரிவின் மழை எப்படிப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி. குன்னூர், கோத்தகிரிக்கு மழை அதிகம் வருவது அக்டோபருக்குப் பிறகு, வடகிழக்குப் பருவத்தில். ஒரே மாவட்டம்தான், ஆனால் டயர் கேள்விக்கு இரண்டு பதில் இருப்பது இதனால்தான்.

நீலகிரியின் செம்மண்ணில் களி அதிகம். நாலு நாள் மழை பெய்தால் தோட்டப் பாதையின் மேல்பரப்பு பிசைந்த மாவு போல ஆகிவிடும், அதற்குக் கீழே மண் இறுகியே இருக்கும். டயரின் வேலை அந்த மேல்படலத்தைக் கிழித்துக் கீழே இருக்கும் கெட்டித் தரையைத் தொடுவது. எம்.டி.யின் பட்டன் ஆழம் இதைச் சுலபமாகச் செய்யும், ஏறிய களிமண்ணைச் சக்கரம் சுற்றும்போதே வெளியே எறிந்தும்விடும். ஏ.டி.யின் இடைவெளிகள் சின்னவை. களி ஏறி அடைத்துக்கொண்டால் அது மொட்டை டயர் மாதிரிதான், ஏற்றத்தில் அதே இடத்தில் சுற்றும்.

இதில் டர்போவின் பங்கும் உண்டு. எம்.டி. சேற்றை எறிய வேண்டும் என்றால் சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்ற வேண்டும். டர்போ இன்ஜினால் அதைக் கொடுக்க முடியும். ஆனால் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கும் குறுகிய எஸ்டேட் பாதையில் சக்கரத்தைச் சுற்றவிட்டு ஏறுவது எனக்கு உடன்பாடில்லை. வண்டி பக்கவாட்டில் நகர இடமே கிடையாது. பாதையும் உழுத வயல் மாதிரி ஆகிவிடும், அடுத்த மழையில் அந்தத் தடம் வழியாகவே மண் அரித்துக்கொண்டு போகும். லோ ரேஞ்சில் (ஃபோர் வீல் டிரைவின் தாழ்ந்த கியர் வரிசையில்), டர்போவை எழுப்பாமல், மெதுவாக ஊர்ந்து ஏறுவதே இங்கே சரி. அப்படி ஊர்ந்து ஏறும்போது ஏ.டி.க்கும் எம்.டி.க்கும் இடையிலான தூரம் நிறையக் குறைந்துவிடுகிறது.

காற்றைக் குறைத்தால் இன்னும் குறையும். தோட்ட வாசலில் நின்று டயர் காற்றை 22, 24 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் தரையில் படும் நீளம் கூடும், ஏ.டி. கணிசமாகக் கூடுதல் பிடி காட்டும். வண்டியில் ஒரு சின்ன ஏர் பம்ப் இருந்தால் சாலைக்கு வந்ததும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். அந்தக் குறைந்த காற்றோடு பாரம் ஏற்றி மலைச்சாலையில் இறங்குவது மட்டும் கூடவே கூடாது.

ஆண்டில் சில வாரங்கள் மட்டும் பாதை மிக மோசமாகும் தோட்டங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஏ.டி. டயர் போட்டுக்கொண்டு, டயரின் மேல் சுற்றி மாட்டும் ஒரு ஜோடி சங்கிலியை வண்டியில் வைத்துக்கொள்வது. மோசமான ஏற்றத்துக்கு முன் பின்சக்கரங்களில் மாட்டி, தார்ச்சாலை வந்ததும் கழற்றிவிட வேண்டும். சேற்றில் எந்த எம்.டி.யைவிடவும் சங்கிலி பிடிக்கும். மாட்டுவது சிரமமான வேலைதான், கை முழுக்கச் சேறாகும். வாங்குவதற்கு முன், சக்கரத்துக்கும் பிரேக் ஹோசுக்கும் நடுவே சங்கிலி ஓட இடம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் எம்.டி. தான் வேண்டும் என்கிற ஆட்கள் உண்டு. தினமும் இலை மூட்டையோடு கல் பாவாத மண்பாதையில் ஏறி இறங்குபவர்கள், தார்ச்சாலைக்கு எப்போதாவது மட்டும் வருபவர்கள். அவர்கள் தாராளமாக எம்.டி. போடலாம், கம்பெனி அளவிலேயே. காட்டுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு எம்.டி. கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே சொந்தத் தோட்டத்தைத் தாண்டினால் பெரும்பாலும் காப்புக்காடுதான். அதற்குள் வண்டியை இறக்குவது குற்றம்.

எச்.டி. பற்றி நீட்ட எதுவும் இல்லை. மூன்றிலும் விலை குறைவு, சத்தம் குறைவு, ஈரத் தாரில் நல்ல பிடி. ஊட்டி, குன்னூர் டவுனுக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு அது போதும். ஆனால் அதன் பக்கச்சுவர் மெல்லியது. எஸ்டேட் பாதையின் கூரான கல்லிலும் வாய்க்கால் ஓரத்திலும் உரசினால் கிழிந்துவிடும், பக்கச்சுவரில் கிழிந்த டயருக்கு ஒட்டும் வேலை கிடையாது.

பின்னால் இரண்டு எம்.டி., முன்னால் இரண்டு ஏ.டி. என்று செலவைப் பாதியாக்கும் யோசனையும் அடிக்கடி வருகிறது. இந்த ஜீப்பின் ஃபோர் வீல் டிரைவ் போட்டால் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். முன்னும் பின்னும் டயர் விட்டத்தில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் கெட்டித் தரையில் கியர்பெட்டியும் அச்சும் ஒன்றையொன்று முறுக்கும். ஈரச் சாலையில் முன்சக்கரம் பிடித்து, பின்சக்கரம் வழுக்கும். நான்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

எம்.ஆர்.எஃப். வாண்டரர், அப்போலோ ஆப்டெரா ஏ.டி.2, சியட் சார் ஏ.டி., யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ.டி. என்று ஏ.டி.யில் பெயர்கள் நிறைய. இந்த அளவில் எது கையிருப்பில் இருக்கிறது என்பதே பாதி முடிவைச் செய்துவிடும். குன்னூரில் கிடைக்காதது கோவையில் கிடைக்கும். பிராண்டைவிட டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிப்பது முக்கியம் என்று நினைக்கிறேன்.

முதலில் தயாரித்த தேதி. ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். தோட்ட ஜீப் ஆண்டுக்குக் குறைந்த கிலோமீட்டரே ஓடும். பட்டன் தேய்வதற்கு முன்பே மலை வெயிலில் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டுவிடும். அதனால் கடையில் இரண்டு வருடம் கிடந்த டயரைத் தள்ளுபடி விலையில் வாங்குவது நமக்கு லாபம் இல்லை.

அப்புறம் பாரக் குறியீடு. 105 என்று இருந்தால் ஒரு டயர் 925 கிலோ தாங்கும். கம்பெனி டயரில் இருந்ததற்குக் கீழே ஒருபோதும் போகக் கூடாது. சில டயர்களில் மூன்று சிகரமும் நடுவே ஒரு பனிப்படிக வடிவமும் பொறித்திருக்கும். பனி பெய்யும் நாடுகளுக்கான தகுதிச் சின்னம் அது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிவது உண்மைதான், ஆனால் சாலையில் பனி குவிவதில்லை. அந்தச் சின்னத்துக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். மலை மழைக்கு அது போதாது, 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும் என்பேன். ஏ.டி.யில் இன்னொரு விஷயம், புதிதாக இருக்கும்போது 10 மில்லிமீட்டர் சுமார் ஆழம் இருக்கும். அது பாதியாகத் தேய்ந்ததும் சேற்றில் அதன் திறமையும் போய்விடும், அப்புறம் அது கிட்டத்தட்ட ஒரு எச்.டி. தான். ஆகவே மழை முடிந்து வாங்கினால் நல்ல ஆழத்தை வெயிலில் தேய்த்துத் தீர்ப்போம். கூடலூர்ப் பக்கம் மே மாதத்திலும், கோத்தகிரிப் பக்கம் செப்டம்பரிலும் மாற்றுவது நல்லது. புதுடயரின் மேல் அதை வார்த்த அச்சிலிருந்து வந்த வழவழப்பு கொஞ்சம் இருக்கும், முதல் இருநூறு கிலோமீட்டராவது நிதானமாக ஓட்டிவிட்டு மழைக்குள் இறங்கலாம்.

காற்றைப் பற்றி ஒரு சந்தேகம் பலருக்கும் உண்டு. மேட்டுப்பாளையத்து மதிய வெயிலில் 30 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டு ஊட்டிக்கு வந்தால் குளிரில் இறங்கிவிடாதா? குளிரால் ஏறக்குறைய 4 பி.எஸ்.ஐ. குறையும், உண்மை. ஆனால் மேலே வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு, அதனால் கேஜ் 3 பி.எஸ்.ஐ. சுமார் கூட்டிக் காட்டும். இரண்டும் சேர்ந்தால் பெரிய மாற்றம் தெரியாது. ஏறி வந்த சூட்டில் பார்க்காமல் மறுநாள் காலையில், வண்டியை எடுக்கும் முன் பார்த்தால் சரியான அளவு தெரியும்.

கோவையில் மாட்டினால் அலைன்மென்டும் பேலன்சிங்கும் அங்கேயே முடித்துவிட்டு, ஊர் வந்து சேர்ந்ததும் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயராக வாங்கி, 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்தையும் சுற்றில் மாற்றிப் போட்டால் எல்லாம் ஒரே அளவில் தேயும். பழைய டயர் ஒன்றை ஸ்டெப்னியாகப் பின்னால் தொங்கவிட்டு, பஞ்சரான நாளில் அதைப் போட்டுக்கொண்டு ஃபோர் வீலில் ஏறினால், மேலே சொன்ன அந்த முறுக்கல் அன்றைக்கே தொடங்கிவிடும்.